ஏலமலையில் மின்சார வண்டி: சக்குபள்ளத்தில் சார்ஜ் போட வழி உண்டா?



நம் சங்க நிகழ்ச்சிகளில் நான்கு குடும்பங்கள் ஒன்று கூடினால், முன்பெல்லாம் பேச்சு பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ, பொங்கலுக்கு ரயில் டிக்கெட் கிடைத்ததா என்பதைப் பற்றியோ இருக்கும். இப்போது அத்துடன் இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "மின்சாரக் கார் வாங்கியிருக்கிறோம், ஊருக்கு எடுத்துப் போகலாமா?" "அப்பாவுக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், கிராமத்தில் சரிப்பட்டு வருமா?" இப்படிக் கேட்கிறவர்கள் அநேகம் பேர்.

பெங்களூரில் வாழும் நமக்கு இந்த வண்டிகள் புதுமை அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலும், அலுவலகத்திலும், பெரிய கடைகளின் வாகன நிறுத்தத்திலும் சார்ஜ் போடும் வசதி வந்துவிட்டது. நம்மில் பலர் ஓட்டும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராவதே பக்கத்து ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும்தான். ஆனால் நம் வேர் இருப்பது வேறு ஊர்களில். அங்கே என்ன நிலைமை? பெருநகரங்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொள்கிறேன். அது என் மனைவி பிறந்த ஊராகிய சக்குபள்ளம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பஞ்சோலை தாலுகாவில், குமுளிக்கும் அணக்கரைக்கும் இடைப்பட்ட மலைப்பகுதி அது. ஏலமும் மிளகும் விளையும் மண். ஆட்சி மொழி மலையாளம் என்றாலும், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி ஆகிய ஊர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு அவர்களுக்கு உண்டு. ஏலக்காய் ஏலம் நடப்பதும் மலைமேல் புற்றடியில் பாதி, மலையடிவாரத்துப் போடிநாயக்கனூரில் பாதி. எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறதே தவிர, மக்களின் வாழ்க்கையில் இல்லை என்றால் மிகையாகாது.

சென்ற மே மாத விடுமுறையில் இரண்டு வாரம் அங்கே தங்கியிருந்தோம். பெங்களூரிலிருந்து எங்கள் மின்சாரக் காரிலேயே போனோம். போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் மைத்துனன் அங்கே ஆட்டோ ஓட்டுகிறான். அவனுடைய டீசல் ஆட்டோ பழசாகிவிட்டது. புதிதாக மின்சார ஆட்டோ வாங்குவதா, மறுபடியும் டீசலா என்று முடிவு செய்ய வேண்டிய நேரம். வங்கிக் கடன் போக முன்பணத்தில் ஒரு பகுதியை நாங்கள் கொடுப்பதாக ஏற்பாடு. இரண்டு குழந்தைகளும் வயதான என் மாமியாரும் அந்த ஆட்டோவை நம்பித்தான் இருக்கிறார்கள்.

"மச்சான், ராத்திரி வீட்டிலே போட்டுக்குவேன், அதுக்குப் பயமில்லே. சாயங்காலம் வண்டியிலே சார்ஜ் இறங்கிப் போன நேரத்துல கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு யாராச்சும் வந்து நின்னா, நான் என்ன சொல்றது?" என்றான் அவன். ஆட்டோக்காரனுக்கு அது வெறும் சவாரி அல்ல. ஒரு முறை "முடியாது" என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை அந்த வீட்டார் வேறு வண்டியைக் கூப்பிடுவார்கள். ஆகவே அந்தக் கேள்விக்கு விடை தேடுவதென்று இறங்கினேன்.

மின்சாரம் பிறந்த மலை

விந்தை என்னவென்றால், கேரளத்துக்கு மின்சாரம் கொடுத்ததே இந்த மாவட்டம்தான். மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. அதுவே கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். 1976 பிப்ரவரியில் இடுக்கித் திட்டத்தைப் பிரதமர் இந்திரா காந்தி தொடங்கி வைத்தார். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே கட்டிய வளைந்த அணையில் தேங்கும் தண்ணீர், மூலமற்றத்தில் பூமிக்கு அடியில் உள்ள மின்நிலையத்தில் 780 மெகாவாட் மின்சாரம் தருகிறது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அது குமுளி மலையின் கீழே, லோயர் கேம்ப்பில் மின்சாரமாக மாறிவிட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போகிறது. ஆக, மலைக்கு மேலும் மின்சாரம், கீழும் மின்சாரம். நடுவில் இருக்கும் ஊரில் ஒரு வண்டிக்குச் சார்ஜ் போட வழி தேட வேண்டியிருக்கிறது!

இதே போன்ற மலையும் நீர்மின்சாரமும் உள்ள இன்னொரு நாடு நார்வே. அங்கே 2024-ஆம் ஆண்டில் விற்ற புதிய கார்களில் 88.9 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். குளிரும் மலையும் மின்சார வண்டிக்கு ஆகாது என்று சொல்வோருக்கு அந்நாடே பதில். ஆனால் அங்கே பெரும்பாலோர் வண்டிக்குச் சார்ஜ் போடுவது பொது நிலையத்தில் அல்ல, சொந்த வீட்டில். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான்கு வழிகள்

சின்ன ஊரில் சார்ஜ் போட இன்று நான்கு வழிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

முதல் வழி, வீட்டுச் சுவர். ஏசி, கீசர் முதலியவற்றுக்குப் பயன்படும் 15 ஆம்பியர் பிளக் போதும். அதிலிருந்து ஏறக்குறைய 3 கிலோவாட் கிடைக்கும். அதாவது ஒரு மணி நேரத்தில் சுமார் 3 யூனிட். இரவு பத்து மணி நேரம் போட்டால் 30 யூனிட் வரை ஏறும். ஆட்டோவுக்கு அதில் கால் பங்கு போதும். உதாரணமாக, மகிந்திரா டிரியோ ஆட்டோவின் மின்கலம் 7.37 யூனிட் கொள்ளும். முழுமையாக நிரம்ப நான்கு மணி நேரத்துக்குள்தான் ஆகும்.

ஆனால் எர்த் சரியாக இருக்க வேண்டும். என் மாமனார் கட்டிய வீட்டில் பிளக் இருந்தது. முதல் நாள் இரவு என் கார் சார்ஜ் ஏற மறுத்துவிட்டது. உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவர் சோதித்துவிட்டு, எர்த் கம்பி மண்ணுக்குள் துருப்பிடித்துப் போயிருக்கிறது என்றார். புதிதாகக் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகு ஒரு நாள்கூடத் தகராறு இல்லை. மின்விசிறியும் டி.வி.யும் எர்த் இல்லாவிட்டாலும் ஓடும். மின்சாரக் கார் அப்படி அல்ல. பாதுகாப்பு இல்லையென்றால் மின்சாரத்தைத் தொடாது. அது நல்லதுதான்.

இரண்டாவது வழி, மின்கம்பத்தில் மாட்டிய சார்ஜ் பெட்டி. இது கேரள மின்வாரியம் கொண்டுவந்த நல்ல யோசனை. 2021 அக்டோபரில் கோழிக்கோட்டில் பத்துக் கம்பங்களில் சோதனையாகத் தொடங்கி, பின்னர் மாநிலத்தின் 140 சட்டமன்றத் தொகுதிகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களில் அமைத்தார்கள். ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் ஏற்ற, 3.3 கிலோவாட் தரும் சிறிய பெட்டி. கைப்பேசிச் செயலியில் பணம் கட்டி, உங்கள் வண்டியின் கம்பியைச் செருகினால் தீர்ந்தது. நிலம் வாங்க வேண்டாம், கட்டடம் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 140 தொகுதிகளுக்கு ஆயிரம் என்றால், தொகுதிக்கு ஏழெட்டுப் பெட்டிகள். சக்குபள்ளம் இருப்பது பீருமேடு தொகுதியில். குமுளி, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, உப்புத்தறை, கொக்கையாறு எல்லாம் அதே தொகுதி. இத்தனை பெரிய மலைத் தொகுதியில் ஏழெட்டு என்றால், ஓர் ஊருக்கு ஒன்று என்றுகூட வராது. பெட்டியின் முன்னால் வேறு வண்டிகள் நிற்பது, பழுதானால் சரிசெய்யத் தாமதமாவது போன்ற குறைகள் கேரளப் பத்திரிகைகளிலும் வந்திருக்கின்றன. ஆனாலும் எட்டு ரூபாய்க்குத் தேங்காய் கேட்டு, மரமேறக் கூலி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மலை ஊருக்கு ஏற்ற முறை இதுதான் என்பது என் கருத்து.

மூன்றாவது வழி, வேகச் சார்ஜ் நிலையம். 2020 நவம்பரில் திருவனந்தபுரம், கொல்லம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர் ஆகிய இடங்களில் கேரள மின்வாரியம் முதல் நிலையங்களைத் திறந்தது. பிறகு அவை அறுபதைத் தாண்டின. தனியார் நிறுவனங்களும் நெடுஞ்சாலை உணவகங்களிலும் சுற்றுலா ஊர்களிலும் அமைத்துவருகின்றன. கார் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நிரம்பிவிடும். விலைதான் அதிகம். வீட்டில் ஆகும் செலவைப் போல இரண்டு மூன்று மடங்கு. மேலும் கார்களுக்கான இந்த வேகக் கம்பி பெரும்பாலான ஆட்டோக்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் பொருந்தாது. ஆகவே "ஊரில் சார்ஜ் நிலையம் வந்துவிட்டது" என்று கேள்விப்பட்டால், "யாருக்கு?" என்று கேளுங்கள்.

நான்காவது வழி, தங்கும் விடுதி, கடை, தோட்டத்து அலுவலகம் முதலிய இடங்கள். தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பி இருக்கும் விடுதிகளுக்கு இது வியாபாரத்துக்கும் உதவி. இதற்கு உரிமம் வாங்க வேண்டுமே என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டியதில்லை. 2018 ஏப்ரலிலேயே மத்திய மின்துறை அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது: சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சாரத்தை விற்பது அல்ல, ஒரு சேவை, அதற்கு மின்விநியோக உரிமம் தேவையில்லை. பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்து, அதற்கென்று தனி மின் இணைப்பு வாங்கினால் டீக்கடைக்காரரும் நடத்தலாம்.

பெங்களூரில் ஆட்டோக்காரர்கள் காலியான மின்கலத்தைக் கொடுத்துவிட்டு நிரம்பிய மின்கலத்தை மாற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். ஒரே வகை வண்டி நூற்றுக்கணக்கில் ஓடும் இடத்தில்தான் அது கட்டுப்படியாகும். சக்குபள்ளத்துக்கு இப்போதைக்கு அது எட்டாக் கனி.

மலை ஏறும் கணக்கு

சமவெளிக்காரர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் மலைக்குப் பொருந்தாது. பள்ளிக்கூடத்தில் படித்த எளிய கணக்குத்தான். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும் 0.4 யூனிட் வேண்டும். கம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். குமுளி ஏறக்குறைய 880 மீட்டர். இந்த ஏற்றத்துக்கு மட்டும் 2 யூனிட் செலவாகும். சமவெளியில் அதே 2 யூனிட்டில் 14 கிலோமீட்டர் போகலாம். ஆகவே கம்பத்திலிருந்து குமுளிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்று பலகை சொன்னால், மின்கலத்துக்கு அது 35 கிலோமீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. இறக்கத்தில் மின்சார வண்டியின் மோட்டாரே டைனமோவாக மாறி, செலவழித்ததில் கணிசமான பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. பிரேக்கும் தேயாது. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மலைமேல் இரவு முழுக்கப் போட்டு நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு மின்கலத்தில் இடம் இருக்காது. நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாது அல்லவா? ஆகவே மலையிலிருந்து இறங்கும் நாளில் 85 அல்லது 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பெங்களூரிலிருந்து ஊர் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஓசூர், சேலம், கரூர், திண்டுக்கல் வரை பெரிய நெடுஞ்சாலை. அங்கே நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. திண்டுக்கல்லில் மேற்கே திரும்பி வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று போகும்போது எண்ணிக்கை குறைகிறது. திரும்பிய பிறகு ஓரிடத்தில் செயலி காட்டிய நிலையத்துக்குப் போனோம். கருவி இருந்தது, உயிர் இல்லை. காவலுக்கு இருந்தவர், "நாலு நாளா இப்படித்தான் சார், போன் பண்ணிச் சொல்லிட்டோம்" என்றார். யாருடைய நிலையம் என்பது இங்கே முக்கியம் அல்ல. கையில் 40 சதவீதம் மிச்சம் இருந்ததால் கவலையின்றி அடுத்த நிலையத்துக்குப் போனோம். பெரிய சாலையை விட்டு இறங்கும் முன் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பிக்கொள்வது உத்தமம்.

ஜீப் சொல்லும் பாடம்

சக்குபள்ளத்தில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். விடிந்ததும் மலைமேல் வந்து சேரும் ஜீப்புகள். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக வருகின்றன. ஆட்களை இறக்கிவிட்ட பின் பல ஜீப்புகள் மாலை வரை தோட்டத்து ஓரத்திலேயே நிற்கின்றன. டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாலையில் மறுபடியும் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிறார்கள்.

இதைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெளிவாயிற்று. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நாம் பங்க்கைத் தேடிப் போகிறோம். எழுபது எண்பது வருடப் பழக்கம் அது. ஆகவே மின்சார வண்டி என்றதும், "பங்க் எங்கே?" என்றே கேட்கிறோம். ஆனால் மின்சாரம் ஏற்கெனவே ஊர் முழுக்கக் கம்பியில் ஓடுகிறது. அது வண்டி நிற்கும் இடத்துக்கு வரும். கேட்க வேண்டிய கேள்வி, "என் வண்டி தினமும் எங்கே, எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது?" என்பதுதான். அந்த இடத்தில் ஒரு பிளக் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அந்த ஜீப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவை பகல் முழுக்க நிற்கின்றன. கேரளத்தில் வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் நிலையங்களில், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்கட்டணம் குறைவு. 4 மணிக்கு மேல் மறுநாள் காலை வரை அதிகம். பகலில் சூரிய மின்சாரம் மிகுதியாக இருப்பதும், மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கும் அடுப்பும் எரிவதும்தான் காரணம். நாளை ஒரு நாள் இந்த ஜீப்புகள் மின்சாரத்தில் ஓடினால், மலிவான நேரத்தில் தோட்டத்திலேயே நிரப்பிக்கொண்டு, இறக்கத்தில் இன்னும் சேர்த்துக்கொண்டு வீடு போய்ச் சேரும். வேகச் சார்ஜ் நிலையமே வேண்டாம். தோட்டத்துக்கு நான்கு பிளக் போதும்.

அரசாங்க விதிகளும் இதை இன்னும் முழுமையாக உணரவில்லை. மத்திய அரசின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல், 2030-க்குள் நகரங்களில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலைகளில் 20 கிலோமீட்டருக்கு ஒன்று என்கிறது. சக்குபள்ளம் நகரமும் அல்ல, பெரிய நெடுஞ்சாலையும் அல்ல. இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் விழுந்துவிடும் இப்படிப்பட்ட ஊர்களில்தானே நம்மில் பெரும்பாலோரின் பெற்றோர் இருக்கிறார்கள்?

மைத்துனன் போட்ட கணக்கு

இனி அவன் கேள்விக்கு வருவோம். ஒரு வாரம் அவன் ஓட்டத்தை இருவரும் நோட்டில் எழுதினோம். தினமும் 60 முதல் 80 கிலோமீட்டர். மலைக்குக் கழித்துப் பார்த்தாலும், முழுதாக நிரம்பிய மின்சார ஆட்டோவுக்கு அது ஒரு நாள் ஓட்டம். டீசலுக்கு அவனுக்கு ஆகும் செலவு நாளுக்குச் சுமார் 300 ரூபாய். மின்சாரத்துக்கு 7 அல்லது 8 யூனிட், 80 ரூபாய்க்குள் முடியும். மிச்சமாகும் பணம் கடன் தவணைக்கு உதவும்.

ஒரு சிக்கலை என் மாமியார்தான் எடுத்துச் சொன்னார். "மாப்பிள்ளே, கரண்ட் பில்லு ஏறிடுமே!" உண்மை. கேரளத்தில் வீட்டு மின்சாரம் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால், முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் உயர்ந்த கட்டணம். வீட்டுக்கு 100 யூனிட் ஆகிறது. ஆட்டோவுக்கு நாளுக்கு 7 யூனிட், மாதம் 25 நாள் என்றால் 175. கூட்டினால் 275! கோட்டைத் தாண்டிவிடுகிறது. வண்டிக்கென்று தனி இணைப்பு, தனி மீட்டர் வாங்குவது நல்லதா, வாடகை வண்டிக்கு எந்தக் கட்டண வகை பொருந்தும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

மிச்சம் இருந்தது சாயங்கால ஆஸ்பத்திரிச் சவாரி. அவன் வண்டி எங்கே சும்மா நிற்கிறது என்று பார்த்தோம். காலை 11 மணி முதல் 2 மணி வரை ஸ்டாண்டில். சவாரி குறைந்த நேரம். ஸ்டாண்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருப்பவரிடம் பேசினோம். தனி இணைப்பு வாங்கி இரண்டு பிளக் வைத்தால் தனக்கு என்ன கிடைக்கும் என்று அவர் விவரமாகக் கேட்டார். ஒரே ஒரு ஆட்டோவுக்காக என்றால் தயங்குவார். மூன்று நான்கு ஆட்டோக்கள் என்றால் துணிவார். ஆகவே என் மைத்துனன் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் பேசத் தொடங்கினான். எதிர்ப்பாகப் பேசியவர்களும் உண்டு. "மழைக்காலத்துல ரெண்டு நாள் கரண்டு இல்லேன்னா என்ன பண்ணுவே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆடி மழையில் மரம் விழுந்து கம்பி அறுவதும், ஐப்பசியில் இடி மின்னலால் மின்சாரம் போவதும் அந்த மலையில் வழக்கம். நண்பகலில் இரண்டு மணி நேரம் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால், எப்போது மின்சாரம் போனாலும் வண்டி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். இரண்டு நாள் தொடர்ந்து போனால் ஒரு நாள் ஓட்டம் கெடும். அதை மறைப்பதற்கில்லை.

கடைக்காரர் இணைப்புக்கு விண்ணப்பித்த பிறகுதான் வண்டிக்கு முன்பணம் கட்டுவது என்று மைத்துனன் முடிவு செய்திருக்கிறான். வண்டி முதலில், பிளக் பிறகு என்று போகாமல், பிளக் முதலில் என்றான். நானும் என் மனைவியும் அதை ஒப்புக்கொண்டோம். எங்கள் பங்குப் பணம் தயாராக இருக்கிறது.

ஊருக்கு அனுப்பும் முன்

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ மின்சார வண்டி வாங்கிக் கொடுக்க நினைக்கும் அன்பர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டுகிறேன்.

வண்டி பார்க்கும் முன் வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நல்ல எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் வீண் போகாது. தரமான 15 ஆம்பியர் பிளக், தனிக் கம்பி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவை அவசியம். நீட்டிப்புப் பெட்டியில் செருகவே கூடாது. இரவு முழுக்கச் சூடேறினால் ஆபத்து. மலைப்பகுதி என்றால் மின்னல் தடுப்புக் கருவியும் வைக்கலாம்.

விளம்பரம் சொல்லும் தூரத்தில் மலைக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். வண்டி பழுதானால் பார்க்க அந்தக் கம்பெனியின் பணிமனை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். சார்ஜ் நிலையத்தைவிட இது முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

பொது நிலையங்கள் பெரும்பாலும் கைப்பேசிச் செயலி வழியாகவே இயங்குகின்றன. கம்பெனிக்கு ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே கட்டிய பணம்! அறுபது வயதைக் கடந்த தந்தையார் மழையில் நின்றுகொண்டு அதை நிறுவ முடியுமா? நீங்கள் ஊருக்குப் போகும்போதே அவர் கைப்பேசியில் போட்டுக் கொடுத்து, ஒரு முறை அவர் கையாலேயே செய்ய வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஊர்க் கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாம் நன்கொடை அனுப்புகிறோம். நல்ல காரியம். அதோடு, பஞ்சாயத்திலும் மின்வாரிய அலுவலகத்திலும் ஒரு மனு கொடுக்கும்படி ஊராருக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆட்டோ ஸ்டாண்டிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், நூலகத்திலும் ஒவ்வொரு சார்ஜ் பெட்டி கேளுங்கள். கேட்காமல் எதுவும் வராது. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? ஊரில் வண்டியே இல்லை என்று பெட்டி வைக்க அவர்கள் தயங்குகிறார்கள். பெட்டியே இல்லை என்று வண்டி வாங்க நாம் தயங்குகிறோம். யாராவது ஒருவர் முதல் அடி எடுத்து வைத்தால்தான் இந்த முடிச்சு அவிழும்.

இதே போன்ற சின்ன ஊர்களுக்கு மின்சார வண்டியில் போய் வந்த அன்பர்கள், தங்கள் ஊரில் எங்கே வசதி இருக்கிறது, எது வேலை செய்கிறது என்பதை எழுதி அனுப்பினால், அடுத்து ஊருக்குப் புறப்படும் குடும்பங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.